மண்புழுவின் இரவு வேலையைக் கவனிப்பது எப்படி

மண்புழுக்களைப் பற்றிய தம் நூலை 1881இல் வெளியிட்ட சார்லஸ் டார்வின், மண் நிரப்பிய தொட்டிகளில் அவற்றை அறைக்குள்ளேயே வளர்த்துக் கவனித்தார். அதை நீங்களும் செய்யலாம். ஆழமான தொட்டியில் ஈரமான, ஆனால் நீர் தேங்காத மண்ணை இட்டு, ஆழமாக வளை தோண்டும் இனத்துப் புழுக்கள் நான்கைந்தை விட்டு (இலையை வளைக்குள் இழுப்பவை பெரும்பாலும் அவையே), மேலே உதிர்ந்த இலைகளையும் கொழுப்புத் தடவிய ஒடுங்கிய முக்கோணக் காகிதங்களையும் பரப்புங்கள்.

இரவில் மங்கிய சிவப்பு வெளிச்சத்துடன் பாருங்கள். அவற்றுக்குக் காது கேளாது. ஆகவே பேசலாம், ஆனால் தொட்டியைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து நொடியில் வளைக்குள் மறைந்துவிடும்.

காலையில், இலைகளிலும் காகிதங்களிலும் எந்த முனை வளைக்குள் போயிருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுங்கள்: பெரும்பாலும் கூர்முனைதான், எனக்கு இது இன்னும் வியப்பே. வளை வாயில் சுருள் சுருளாகக் குவிந்திருக்கும் எச்சத்தை உலர்த்தி எடைபோட்டு, வாரந்தோறும் குறித்து வையுங்கள்.