கழட்டி மாட்டுற லைட்டு, கம்ப்ரஸருக்கு மழை தாங்குற கனெக்டர் எப்படி பாத்து எடுக்கது?

நம்ம குமரி மாவட்டத்துல ஜூன்ல தொடங்குற மழை ஓஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அக்டோபர்ல அடுத்த மழை வந்துரும், அது போதாதுன்னு முட்டம் குளச்சல் பக்கம் வண்டி நிக்கவங்களுக்கு உப்புக்காத்து வேற. கீரிப்பாறை காளிகேசம் பக்கம் எஸ்டேட் ரோட்டுல ஜீப்பு, மஹிந்திரா தாரு ஓட்டுற ஆளுவளுக்கு சேறும் சேத்துக்கோங்க. இதுல கேரியர் மேல லைட் பார், பின்னாடி ஒர்க் லைட்டு, ஏர் கம்ப்ரஸர்னு தேவைக்கு மாட்டி கழட்டுற சாமானுக்கு சாதா கனெக்டர் போட்டா ஒரு மழைக்காலம் தாண்டாது.

பாக்கெட்டுல ஐபி 67னு போட்டிருப்பான். ஒரு மீட்டர் வெள்ளத்துல அரை மணி நேரம் கெடந்தாலும் உள்ள போவாதுன்னு அர்த்தம், ஆனா கனெக்டரோட ரெண்டு பாதியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டி இருந்தாத்தான் அந்த கணக்கு. நம்ம சாமான் பாதி நாளு வீட்டு ஷெட்டுல கெடக்கும், வண்டியில தொங்குற பாதி வாயைத் தொறந்துட்டு மழையில நிக்கும், அதனால பூட்டாம இருக்கும்போது என்ன ஆவும்னு பாத்துதான் கனெக்டர் வாங்கணும்.

1. முதல்ல ஆம்பியர்

வாட்டை 12ஆல வகுங்க. 120 வாட் லைட்டுன்னா 10 ஆம்பியர். விலை கம்மியான லைட் பார்ல எழுதியிருக்க வாட்டை நம்பாதீங்க, வயரை கவ்வி ஆம்பியர் காட்டுற கிளாம்ப் மீட்டர் வச்சு பாத்தா பாதி கூட இழுக்காது சிலது. கம்ப்ரஸர் அப்படி இல்ல, 30 ஆம்பியர்னு போட்டிருந்தா நெசமாவே இழுக்கும்.

2. எந்த வகை

லைட்டுக்கு டாய்ச் கம்பெனியோட டிடி (DT) வகை கொள்ளாம். ஒரு பின்னுக்கு 13 ஆம்பியர், 2 ஸ்கொயர் எம்எம் வயர் வரை ஏறும். அதுக்கு மேல போனா இதே கம்பெனியோட டிடிபி (DTP), அது 25 ஆம்பியர். ஆனா ஒண்ணு, டிடி கனெக்டரை கம்பெனிக்காரன் 100 தடவை பூட்டி கழட்டுறதுக்குத்தான் சோதிச்சு தாரான். மாசத்துக்கு ஒருக்கா கழட்டுற லைட்டுக்கு அது தாராளம், தெனமும் கழட்டுற சாமானுக்கு ஆவாது.

கம்ப்ரஸர் மாதிரி அடிக்கடி சொருகுறதுக்கு ஆண்டர்சன் கம்பெனியோட எஸ்பி 50 (SB50). 50 ஆம்பியர், லோடு இல்லாம, அதாவது கரண்ட் ஓடாத நேரம், 10,000 தடவை சொருகி எடுக்கலாம், ரெண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கதால ஆணா பெண்ணான்னு கொழப்பமும் இல்ல. கொறை என்னன்னா அது தனியா வாட்டர்ப்ரூஃப் கெடையாது, ரப்பர் மூடி சேத்து வாங்கி வண்டிக்கு உள்ளயோ பம்பர் மறைவுலயோ வாய் கீழ பாக்க வைக்கணும். சேத்துல மாட்டுன வண்டியை இழுக்க வின்ச்சை இதுல மாட்டலாம்னு நெனைக்காண்டாம், அது நூத்துக்கணக்குல ஆம்பியர் இழுக்க சாமான், அதுக்கு வேற சைஸ்.

ரெண்டு பின் எஸ்ஏஇ கனெக்டரும் கடையில கெடைக்கும், வெலையும் கம்மி. சோலார் பேனலுக்கு போடுங்க, சேத்துல ஓடுற வண்டிக்கு நான் போட மாட்டேன்.

3. வண்டியில எந்த பாதி

இதுலதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. பேட்டரி கரண்ட் வாற பக்கம் எப்பவும் பெண் பின் தான் இருக்கணும், ஊசி மாதிரி நீட்டிட்டு நிக்க ஆண் பின் அந்த பக்கம் இருந்தா கழட்டி தொங்கும்போது பாடியில தட்டி பொறி பறக்கும். டிடில ப்ளக்னு சொல்ற பாதிக்குள்ள பெண் பின் போவும், ரிசப்டக்கிள்குள்ள ஆண் பின் போவும், அப்போ வண்டியில ப்ளக், லைட்டுல ரிசப்டக்கிள். லைட்டுக்கு ரிலேக்கு (ஸ்விட்ச் போட்டா லைட்டுக்கு கரண்டை விடுற சாமான்) பொறவு வாற லைன்ல கனெக்டரை போடுங்க, ஸ்விட்ச் ஆஃப்னா கழண்டு கெடக்க பாதியில கரண்டே இருக்காது. உப்புக்காத்தும் ஈரமும் பட்ட பின்ல கரண்டும் நின்னா பச்சை களிம்பு புடிச்சு பின்னையே தின்னுரும்.

ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், கனெக்டர் கிட்ட இல்ல.

கழட்டின பாதிக்கு மூடி வேணும். தனி மூடி கெடைக்கலன்னா வயர் போடாத இன்னொரு பாதியை வாங்கி, அதோட ஓட்டையில எல்லாம் சீலிங் ப்ளக் அடைச்சு மூடியா பூட்டிருங்க. பாலித்தீன் கவர் சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டுறது வேண்டவே வேண்டாம், உள்ள ஈரம் போயி வெளிய வர வழியில்லாம நிக்கும்.

4. வயர் ஏத்துறது

சால்டர் வைக்காதீங்க, சால்டர் ஏறுன எடம் வெறச்சு போவும், வண்டி குலுங்க குலுங்க அந்த வெளிம்புலயே முறியும். பின்னை வயரோட சேத்து நெரிக்க, அந்த பின்னுக்குன்னே இருக்க கிரிம்பிங் டூல் வாங்குங்க இல்ல ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்குங்க, கட்டிங் பிளேயர் வச்சு நெரிக்காண்டாம்.

பின்னாடி இருக்க ரப்பர் சீல் வயரோட உருண்டையை சுத்தி இறுக்கி புடிக்கணும், டிடிக்கு மேல்தோலோட சேத்து சுமார் 2.3 முதல் 3.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வயர் சரியா வரும். அதுக்கு மெலிசா போட்டா இடுக்கு வழி வெள்ளம் ஏறும், டேப் சுத்தி தடிமன் ஆக்குனா சீல் கிழியும். ஒரு தடவை உள்ள ஏறுன வெள்ளம் செம்பு இழைகளுக்கு நடுவுல திரி மாதிரி ஊறி போவும், பழைய வயரை ஒரு சாண் உள்ள தள்ளி உரிச்சு பாத்தாலும் செம்பு கறுத்து கெடக்கும், அதை வெட்டி தள்ளிட்டு புது வயர்லதான் கிரிம்ப் பண்ணணும். கடல் பக்கம் ஆளுவ ஈயம் பூசின செம்பு வயர் கெடைச்சா அதையே வாங்குங்க.

நாலு பின் கனெக்டர்ல மூணு வயர் தான்னா நாலாவது ஓட்டையை அடைக்க மறக்காதீங்க. பின் உள்ள டிக்னு உக்காந்ததும் ஒவ்வொரு வயரா பைய இழுத்து பாருங்க, பொறவு முன்னாடி, பின்னெல்லாம் வெளிய வராம பூட்டுற வெட்ஜ் லாக் துண்டை அமுக்குங்க. அது உள்ள போக மாட்டேன்னு அடம் புடிச்சா ஏதோ ஒரு பின் முழுசா ஏறல.

5. சோதிக்கது

லைட்டை எரிய விட்டு, பேட்டரியில ஒருக்கா, லைட் முனையில ஒருக்கா வோல்ட் பாருங்க. 2 ஸ்கொயர் எம்எம் வயர்ல போக மூணு மீட்டர் வர மூணு மீட்டர், 10 ஆம்பியர் போனா வயர்லயே அரை வோல்ட் கிட்ட கொறையும், அது சகஜம். ஒரு வோல்ட்டுக்கு மேல கொறைஞ்சா கிரிம்பையோ எர்த்தையோ பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சு கனெக்டரை தொட்டா சூடு சுடக்கூடாது. அது சரின்னா பூட்டுன கனெக்டரை ஒரு வாளி வெள்ளத்துல அரை மணி நேரம் முக்கி வச்சுட்டு, தொடச்சு கழட்டி உள்ள டார்ச் அடிச்சு பாருங்க.

கழட்டும்போது ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு கழட்டுங்க, கம்ப்ரஸர் ஓடும்போதே உருவுனா பின் முகமெல்லாம் கருகும். முன் லைட்டுக்கும் பின் லைட்டுக்கும் ஒரே ரெண்டு பின் கனெக்டர் போட்டு மாத்தி சொருகுற ஆளா இருந்தா ஒண்ணை மூணு பின்னா வாங்கிருங்க.