வேளாண் இயந்திர மெக்கானிக் ஆவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

விளைந்த பயிர் வயலில் நிற்கிறது, மேகம் திரண்டு வருகிறது, அறுவடை இயந்திரம் அசையாமல் கிடக்கிறது. வேளாண் இயந்திர மெக்கானிக்குக்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் அழைப்பு வரும். கார் பழுதானால் பணிமனையில் விட்டுவிட்டு இரண்டு நாள் பஸ்ஸில் போய்வரலாம். பயிருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே, பழுது எங்கே இருக்கிறது என்று விரைவாகவும் சரியாகவும் சொல்லத் தெரிந்தவருக்கே இந்தத் தொழிலில் மதிப்பு. சந்தேகம் வந்த பாகத்தையெல்லாம் மாற்றிப் பார்ப்பவரிடம் விவசாயி ஒருமுறை வருவார், மறுமுறை வரமாட்டார். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் பழுதறியும் அந்தத் திறமையை வளர்ப்பதற்காகத்தான்.

படி 1: டிராக்டரில் தொடங்குங்கள்

அறுவடை இயந்திரம், வைக்கோல் கட்டும் இயந்திரம், விதைக்கும் கருவி, தெளிப்பான் என்று இந்தத் துறை விரிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு), மின் அமைப்பு ஆகிய ஐந்தும் டிராக்டர் ஒன்றிலேயே இருக்கின்றன. பின்புறம் கருவிகளை மாட்டும் முப்புள்ளி இணைப்பை ஹாரி ஃபெர்குசன் உருவாக்கினார். 1939-இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டர் அதைப் பரவலாக்கியது. இன்றைய டிராக்டர்களும் அதே அடிப்படையில்தான் கலப்பையைத் தூக்குகின்றன. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

முதல் வாரத்தில் ஸ்பேனரைத் தொட வேண்டாம். இயந்திரத்துடன் வரும் கையேட்டை எடுத்துக்கொண்டு, டீசல் டேங்கிலிருந்து புறப்பட்டு நீர்பிரிப்பான், ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்ப், இன்ஜெக்டர் வரை எந்த வழியாகப் போகிறது என்று குழாயைத் தடவியபடியே பின்தொடருங்கள். பிறகு குளிர்விக்கும் நீரின் வழியையும், ஹைட்ராலிக் ஆயிலின் வழியையும் அதேபோல் பாருங்கள். ஓட்டத்தின் வழி மனத்தில் பதிந்தவருக்கு, அது எங்கே தடைப்பட்டது என்று யோசிக்க முடியும்.

படி 2: உயிரைக் காக்கும் பழக்கங்கள்

இதைப் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். என்ஜினின் சக்தியை மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டுக்கு பி.டி.ஓ தண்டு என்று பெயர். அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 அல்லது 1000 சுற்று. 540 என்றாலே வினாடிக்கு 9 சுற்று. தொங்கும் சட்டை நுனி அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. காப்பு உறை உடைந்த தண்டை ஓட்டச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். சிக்கிய வைக்கோலை எடுப்பதற்கு முன் என்ஜினை நிறுத்துங்கள், சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாச் சுழற்சியும் நிற்கும்வரை காத்திருங்கள்.

ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தால் விரலால் தேடவே கூடாது. மிகுந்த அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே சிறு புள்ளிபோலத்தான் தெரியும். உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். அப்படியும் காயம் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, ஆயில் அழுத்தத்தோடு உடலுக்குள் புகுந்தது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக் தூக்கி வைத்திருக்கும் எந்தப் பாகத்தின் கீழும், பூட்டோ தாங்கியோ வைக்காமல் நுழையாதீர்கள்.

படி 3: படிப்பும் பணிமனையும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் அல்லது வேளாண் இயந்திரப் பிரிவில் சேரலாம். டிப்ளமோ படித்தவர்களுக்கு நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுகளில் வாய்ப்பு அதிகம். படிப்பை மட்டும் நம்பியிருக்காமல், தொழில் பழகுநராக ஒரு பணிமனையிலும் சேருங்கள். சம்பளத்தைவிட முக்கியமான மூன்று விஷயங்களை அங்கே கவனியுங்கள்: மூத்த மெக்கானிக் அளவுகோலை எடுத்துப் பார்க்கிறாரா, கழற்றிய பாகம் ஏன் பழுதானது என்று விளக்குகிறாரா, சர்வீஸ் கையேடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா. மூன்றும் இல்லாத இடத்தில் ஐந்து ஆண்டு இருந்தாலும் உதவியாளராகவே இருப்பீர்கள்.

படி 4: என்ஜினைக் கேட்கப் பழகுங்கள்

டீசல் என்ஜின் ஓடுவதற்குக் காற்று, எரிபொருள், போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். புகையின் நிறமே பாதி வழியைக் காட்டிவிடும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் மிகுதி; முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெண்புகை வந்தால் டீசல் முழுதாக எரியாமல் வெளியேறுகிறது அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது.

டேங்க் வற்றி நின்றுபோன பழைய வகை என்ஜினில் டீசல் நிரப்பினாலும் கிளம்பாது, குழாயில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டரின் மேலுள்ள காற்றுப்போக்குத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி கலந்து வரும். குமிழியே இல்லாத தெளிந்த டீசல் வந்ததும், பம்ப் அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். காமன் ரெயில் என்ஜினில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய வகை) உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி இந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள். ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேற்பட்ட அழுத்தம் அங்கே இருக்கும்.

படி 5: மின்சாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

புதியவர்கள் பலர் வயரிங்கைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள். என் கருத்தில், இதில் தேறியவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. மல்டிமீட்டர் ஒன்று வாங்கித் தினமும் கையிலெடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்வது எளிது. அதற்கு முன் அளந்து பாருங்கள். ஓய்விலிருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறினால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இரண்டும் சரி என்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையைச் சுத்தமான என்ஜின் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அளவு அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளிலோ அதன் இணைப்பிலோ தடை இருக்கிறது. கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு புதிய பேட்டரியின் செலவு விவசாயிக்கு மிச்சமாகும்.

புதிய இயந்திரங்களில் கணினி காட்டும் பழுதுக் குறியீடுகளும் இப்படித்தான். எரிபொருள் அழுத்தம் குறைவு என்று குறியீடு வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஃபில்டர் அடைத்திருந்தாலும் அதே குறியீடு வரும். எந்த இடத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

படி 6: ஹைட்ராலிக்கும் அறுவடை இயந்திரமும்

ஹைட்ராலிக்கில் முதலில் ஆயில் அளவு, அடுத்து ஃபில்டர், அதன் பிறகு அழுத்தமானி என்ற வரிசையை மாற்றாதீர்கள். குளிர்ந்த நிலையில் நன்றாகத் தூக்கிவிட்டு, ஆயில் சூடானதும் தளர்ந்தால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தூக்கிய கருவி தானாக இறங்கினால் சிலிண்டர் சீலையும் வால்வையும் சந்தேகியுங்கள்.

அறுவடை இயந்திரத்தில் பல புகார்களுக்குப் பழுதே காரணமாக இருக்காது, சரிசெய்தலே போதும். தானியம் உடைந்து வந்தால் கதிரடிக்கும் டிரம்மின் வேகம் அதிகம் அல்லது டிரம்முக்கும் அதன் கீழுள்ள வளைந்த சல்லடைக்கும் (கான்கேவ்) இடையிலான இடைவெளி குறைவு. கதிரில் மணி ஒட்டிக்கொண்டே வந்தால் அதற்கு நேர்மாறு. மணி பின்புறம் பறந்து விழுந்தால் விசிறிக் காற்றையும் சல்லடைத் திறப்பையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

படி 7: கருவிகள்

ஸ்பேனர் செட், சாக்கெட் செட், டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), மல்டிமீட்டர், கிரீஸ் கன், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் தகடுகள்). தொடக்கத்துக்கு இவை போதும். டார்க் ரென்ச்சிலும் மல்டிமீட்டரிலும் மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள். தவறான அளவு காட்டும் கருவி, கருவி இல்லாததைவிடக் கெடுதல்.

படி 8: வயலுக்குச் செல்லுதல்

பணிமனையில் தேறியதும் களப்பணிக்கு முன்வாருங்கள். வயலுக்குப் போனதும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் ஓட்டுநரிடம் கேளுங்கள்: எப்போது தொடங்கியது, சூடானபோதா குளிர்ந்தபோதா, கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், யாராவது ஏற்கெனவே கழற்றினார்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பழுது பல முறை பிடிபட்டுவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் இயந்திரத்தின் மாடல், ஓடிய மணிநேரம், புகார், அளந்த அளவுகள், உண்மைக் காரணம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். சர்வீஸ் பொறுப்பாளர், நிறுவனப் பயிற்சியாளர், துல்லிய வேளாண்மைக் கருவி வல்லுநர் என எந்தப் பதவிக்குப் போனாலும் அந்தக் குறிப்பேடு கைகொடுக்கும். சொந்தப் பணிமனை தொடங்க விரும்பினால், முதலில் ஓரிரு வகை இயந்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கான பெல்ட், பேரிங், ஃபில்டர்களைக் கையிருப்பில் வையுங்கள். பருவம் முடிந்ததும் வாடிக்கையாளரை நீங்களே அழைத்து, இயந்திரத்தைப் பரிசோதிக்க நாள் குறியுங்கள். தேய்ந்த பாகத்துக்கு மாற்று வரவழைக்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.