சின்ன வெங்காய வேரில் செல் பிரிவதைப் பார்ப்போமா?

செட்டிநாட்டு அடுப்படியில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆச்சியிடம் நாலைந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுண்ணோக்கி, அசிட்டோகார்மின் சாயம், அமிலங்கள் எல்லாம் பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும். அமில வேலையை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

படி 1: காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வெங்காயத்தை டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். வளவில் வெயில் விழாத ஓரமாகப் பாருங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் சில நாளில் வேர் 2 செ.மீ. வளர்ந்துவிடும்.

படி 2: காலையில் வேர்நுனிகளை வெட்டி, 1 பங்கு அசிட்டிக் அமிலமும் 3 பங்கு எத்தனாலும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போடுங்கள். செல்கள் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே நின்றுவிடும்.

படி 3: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்துக் கழுவுங்கள். நுனியில் 2 மி.மீ. போதும், மேலே உள்ள செல்கள் நீள்கின்றனவே தவிர, பெரும்பாலும் பிரிவதில்லை. அந்த நுனியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அசிட்டோகார்மின் சொட்டுவிடுங்கள். சாயம் ஏறியதும் மெல்லிய கண்ணாடி மூடுவில்லை வைத்து, மேலே ஒற்றுத்தாள் போட்டுக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு வீணாகிவிடும்.

படி 4: இப்போது பாருங்கள். முக்கால்வாசிக்கு மேல் உருண்டை உட்கருவோடு சும்மா இருப்பதுபோல் தெரியும். அவைதான் வளர்ந்து, டிஎன்ஏவைப் படியெடுத்து, சரிபார்த்துக்கொண்டிருப்பவை. நடுவில் 16 குரோமோசோம்கள் (டிஎன்ஏ சுருண்ட இழைகள்) வரிசைகட்டி நிற்கும் செல் ஒன்று சிக்கினால் அதிர்ஷ்டம்! அங்கே ஒரு தடை இருக்கிறது: எல்லாக் குரோமோசோமிலும் அவற்றை இழுக்கும் கதிரிழை சரியாகப் பிடிக்காதவரை அவை பிரிந்து நகராது.

சரி, பிரியச் சொல்லிக் கட்டளை யார் கொடுப்பது? சிடிகே என்ற நொதி. சைக்ளின் புரதம் சேராமல் அது வேலை செய்யாது. 1982-இல் உயிரியலாளர் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் சைக்ளினைக் கண்டார். ஒவ்வொரு பிரிவுக்கு முன்பும் சேர்ந்து, பிறகு சட்டென்று அழிந்தது. 1987-இல் உயிரியலாளர் பால் நர்ஸின் குழு, இந்த நொதி பழுதான ஈஸ்ட்டுக்கு அதே நொதிக்கான மனித மரபணுவைக் கொடுத்தது. ஈஸ்ட் பிரிந்தது! இரண்டு வம்சமும் பிரிந்து 100 கோடி ஆண்டுக்கு மேலாகியும் சாவி பொருந்துகிறது. வெங்காயத்திலும் இதே குடும்ப நொதிதான்.

காவல்காரர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். டிஎன்ஏ சேதமானால் நம் உடலில் பிரிவை நிறுத்தும் பி53 என்ற புரதம் தாவரங்களில் இல்லை. அந்த வேலையை சோக்1 என்ற வேறு புரதம் பார்க்கிறது. முடிவும் வேறு: விலங்குச் செல் இடுப்பு ஒடுங்கி இரண்டாகும், வெங்காயச் செல் நடுவில் சுவர் எழுப்பும். இரண்டு உட்கருக்கள் உள்ள செல்லில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். கார்மின் குரோமோசோமைத்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் கோடு மங்கலாகத்தான் தெரியும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.