மருவா, கால் ஆணியா, வேறொன்றா? தோல் வளர்ச்சிகளைப் பரிசோதித்து அறியும் முறை

தோலில் புதிதாக ஏதேனும் முளைத்தால், அதைக் கிள்ளுவதற்கும் நூலால் கட்டுவதற்கும் சுண்ணாம்பு தடவுவதற்கும் முன்பாக அது இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். புண்ணாக்கிவிட்டுச் சென்றால், மருத்துவர் பார்த்து அடையாளம் காண வேண்டிய மேற்பரப்பே சிதைந்திருக்கும்.

முதலில் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தோன்றியது, வளர்கிறதா, அரிக்கிறதா, இரத்தம் கசிகிறதா என்பவற்றையும் குறித்து வையுங்கள். நீரிழிவு இருந்தாலோ, சிறுநீரக மாற்றுக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொண்டாலோ அதை மறவாமல் சொல்ல வேண்டும்.

அதிகமாகக் குழப்புவது உள்ளங்காலில் வருவதுதான். பாப்பிலோமா வைரஸால் உண்டாகும் மருவின் மேல் தோலின் இயல்பான ரேகைகள் அறுபட்டு விலகிச் செல்லும். அழுத்தத்தால் உண்டாகும் கால் ஆணியில் அவை பெரும்பாலும் தொடர்ந்து ஓடும். இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு வலிக்கும். நேராக அழுத்தினால் கால் ஆணி வலிக்கும். இந்த வலிச் சோதனையை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது. ஐயம் நீங்காவிட்டால் மருத்துவர் தடித்த மேல்தோலைக் கத்தியால் மெல்லச் சீவிப் பார்ப்பார். மருவாயின் கரும்புள்ளிகளோ குண்டூசி முனையளவு இரத்தத் துளிகளோ தென்படும். கால் ஆணியாயின் நடுவில் கண்ணாடி போன்ற கடினமான மையம் தெரியும். பலரும் வேர் என்று எண்ணிப் பிடுங்க முயலும் அந்தக் கரும்புள்ளிகள் உண்மையில் இரத்தம் உறைந்த நுண்குழாய்களே. சீவுவதை வீட்டில் செய்யாதீர்கள்; நீரிழிவு உள்ளவர்கள் அதை எண்ணிப் பார்க்கவும் கூடாது.

கழுத்திலும் அக்குளிலும் காம்புடன் தொங்கும் மெத்தென்ற சதைத்துணுக்கையும், நடுவில் குழியுடன் முத்துப்போல் பளபளக்கும் மொலஸ்கம் என்னும் வைரஸ் கொப்புளத்தையும் பெரும்பாலும் பார்வையாலேயே கண்டறிந்துவிடலாம்.

பிறப்புறுப்பில் வந்தவற்றுக்குக் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிபிலிஸ் நோயும் அங்கே மருவைப் போன்ற தடிப்புகளை உண்டாக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

நிறமுள்ள வளர்ச்சி எனில் இரு பாதியும் ஒத்திருக்கின்றனவா, விளிம்பு ஒழுங்கற்றுள்ளதா, பல நிறங்கள் கலந்துள்ளனவா, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, மாறிவருகிறதா என்று பார்ப்பார்கள். நம்மைப் போன்ற கருமை நிறத்தவரிடம் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே அதிகம் தோன்றுவதால், அங்குள்ள கரும்பட்டையைப் பழைய அடி என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவர் டெர்மாஸ்கோப் என்னும் கருவியால் சுமார் 10 மடங்கு பெரிதாக்கி நிறமும் இரத்தக்குழாய்களும் அமைந்திருக்கும் விதத்தை ஆராய்வார்.

அப்போதும் தெளியாவிட்டாலோ, சிகிச்சைக்குப் பிறகும் நகத்தோரத்து மரு ஆறாதிருந்தாலோ பயாப்சி செய்யப்படும். இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துண்டு எடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். லேசராலோ மின்சூட்டாலோ முழுவதும் எரித்துவிட்டால் ஆய்வதற்குத் திசு மிஞ்சாது. எனவே ஐயமுள்ள எதையும் அழகு நிலையத்தில் எரித்து அகற்றச் சம்மதிக்காதீர்கள். வெட்டி எடுத்தால், ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.