சைலோசைபினும் ஆன்மிக அனுபவமும்: ஆய்வுச் செய்திகளை நிதானமாக வாசிக்கும் முறை

காளான் ஒன்றிலிருந்து கிடைக்கும் சைலோசைபின் என்னும் பொருள் மனிதரை இறையனுபவத்துக்கு இட்டுச் செல்கிறது என்ற செய்தியை வாசித்தவுடன், ஒரு சாரார் அதை வெறும் போதை என்று ஒதுக்கிவிடுகின்றனர். மறுசாரார் நெடுநாள் தியானத்தால் அடைவதை ஒரே பிற்பகலில் அடைந்துவிடலாம் என்று நம்பிவிடுகின்றனர். இவ்விரு முடிவுகளும் ஆய்வுகள் சொல்வதைத் தாண்டிச் செல்பவை என்பது என் உறுதியான கருத்து. ஓர் அனுபவம் எவ்வளவு ஆழமாக மனிதரைப் பாதித்தது என்பது ஒரு கேள்வி. அந்த அனுபவம் எதை மெய்ப்பிக்கிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இத்தகைய செய்திகளை வாசிப்பது எப்படி என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இப்பொருள்களை உட்கொள்வதற்கான வழிகாட்டியாக இதை யாரும் கொள்ள வேண்டாம்.

பொருள் எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

சைக்கெடெலிக் என்ற ஒரே பெயரின்கீழ் ஊடகங்கள் பலவற்றைச் சேர்த்துவிடுகின்றன. சைலோசைபின், எல்.எஸ்.டி., பெயோட்டே கள்ளியிலுள்ள மெஸ்கலின், அயவாஸ்கா என்ற மூலிகைப் பானத்திலுள்ள டி.எம்.டி. ஆகிய நான்கும், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து பொருந்தும் 5-எச்.டி. 2ஏ என்ற ஏற்பியைத் தூண்டுபவை. சைலோசைபின் உடலுக்குள் சைலோசினாக மாறிய பிறகே வேலை செய்கிறது. இந்த ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிடும் கெட்டான்செரின் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டால் சைலோசைபினின் மனவிளைவுகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை என்பதை சூரிச் நகரில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடரின் குழு 1998ஆம் ஆண்டிலேயே காட்டியது. கெட்டமைன் என்ற மயக்கமருந்தும், எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ.வும் வேறு வழிகளில் செயல்படுவதால், அவற்றின் ஆய்வு முடிவுகளை இவற்றுக்குப் பொருத்திப் பேசுவது தவறு. நம் ஊர்களில் வேலியோரம் வளரும் ஊமத்தையை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அதைவிடப் பெரிய தவறு. அது அசெட்டில்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளின் செயலைத் தடுத்துச் சித்தப்பிரமையை உண்டாக்கும் நஞ்சு, உயிரையே பறிக்கக்கூடியது.

யாருக்கு, எந்த இடத்தில், எதனோடு ஒப்பிட்டு?

இந்தத் துறையில் இக்கேள்விக்குத்தான் மிகுந்த நேரம் செலவிட வேண்டும். 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில், வால்டர் பாங்கே என்ற ஹார்வர்டு ஆய்வாளர் இறையியல் மாணவர் இருபது பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பத்துப் பேருக்குச் சைலோசைபினும், மற்றப் பத்துப் பேருக்கு உடலில் வெம்மையை மட்டும் உண்டாக்கும் நிக்கோட்டினிக் அமிலமும் தரப்பட்டன. சைலோசைபின் பெற்றவர்களில் பெரும்பாலோர் அனைத்தோடும் ஒன்றிவிட்டதாக உணரும் மறைஞான அனுபவம் என்று சொல்லத்தக்க ஒன்றை விவரித்தனர். இந்த முடிவை மட்டும் வாசிப்பவர் கவனிக்கத் தவறும் செய்திகள் பல உண்டு. பங்கேற்ற அனைவரும் இறைப்பணிக்காகப் பயில்பவர்கள். நாளோ கிறித்தவர்களுக்கு ஆண்டின் மிகப் புனிதமான நாள்களுள் ஒன்று. ஆலயத்திலோ வழிபாடும் மறையுரையும் கேட்டுக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, யாருக்கு எது கிடைத்தது என்பது சிறிது நேரத்திலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இந்நிலையில் அனுபவத்தை உண்டாக்கியது மருந்தா, நாளா, எதிர்பார்ப்பா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. மூன்றும் சேர்ந்தே உண்டாக்கின என்பதுதான் நியாயமான வாசிப்பு.

2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இக்குறைகளைக் களைய முயன்றது. முன்பு இத்தகைய பொருள்களை உட்கொண்டிராத 36 பேர் அதில் பங்கேற்றனர். ஒப்பீட்டுக்கு, உடலில் தெளிவாக உணரக்கூடிய மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்கமருந்து பயன்பட்டது. சைலோசைபின் பெற்ற அமர்வில் 36 பேரில் 22 பேரும், மெத்தில்ஃபெனிடேட் பெற்ற அமர்வில் 4 பேரும் முழுமையான மறைஞான அனுபவத்தின் அளவுகோலை எட்டினர். பதினான்கு மாதம் கழித்துக் கேட்டபோதும் 67 விழுக்காட்டினர் அதைத் தம் வாழ்வின் ஆன்மிகச் சிறப்புமிக்க ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகவே குறிப்பிட்டனர். இவை அலட்சியப்படுத்தக்கூடிய எண்கள் அல்ல. ஆயினும், பங்கேற்றவர்கள் ஏற்கெனவே வழிபாட்டிலோ தியானத்திலோ ஈடுபாடு கொண்டவர்கள் என்பதையும், பயிற்சி பெற்ற துணைவர்கள் பலமணி நேரம் பேசி அவர்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தினர் என்பதையும், கண்களை மூடிக்கொண்டு இசை கேட்கும்படி அமைதியான அறையில் அவர்கள் படுக்க வைக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே இந்த எண்களை வாசிக்க வேண்டும். எதிர்பார்ப்பின் வலிமை எத்தகையது என்பதற்கு மாண்ட்ரியாலில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு நல்ல சான்று: விருந்துக் கூடம்போல் அமைக்கப்பட்ட அறையில் 33 பேருக்குச் சைக்கெடெலிக் என்று சொல்லி, மருந்தே இல்லாத வெறும் மருந்துப்போலியே தரப்பட்டிருந்தும், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகச் சொன்னார்கள்.

எதை அளந்தார்கள் என்று பாருங்கள்

இறையனுபவத்தை அளக்கும் கருவி எதுவும் ஆய்வகத்தில் இல்லை; இருப்பது ஒரு வினாத்தாள். அனைத்தும் ஒன்றென்ற உணர்வு, புனித உணர்வு, காலமும் இடமும் கடந்த நிலை, சொல்லில் அடங்காமை, பேரின்பம், உண்மையை நேரே அறிந்துவிட்டோம் என்ற உறுதி ஆகியவை எவ்வளவு வலுவாக இருந்தன என்பதை அனுபவித்தவரே மதிப்பிட்டு எண்களால் குறிக்கிறார். ஒவ்வொரு பிரிவிலும் உச்ச மதிப்பெண்ணில் அறுபது விழுக்காட்டைத் தொட்டால் அது 'முழுமையான' அனுபவம் எனக் கணக்கிடப்படுகிறது. ஆகவே இந்தச் சொல்லைச் செய்தியில் காணும்போது அது வினாத்தாளின் ஒரு வரம்பைக் குறிக்கிறது என்று நினைவில் கொள்க. உண்மையை அறிந்துவிட்டோம் என்ற உணர்வை இங்கே தனியாகக் கவனிப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஏனெனில் அந்த உறுதியும் மருந்தின் விளைவுகளுள் ஒன்றாகவே அளக்கப்படுகிறது. உணர்ந்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உணர்ந்த உறுதியே உணர்ந்த பொருளுக்குச் சான்றாகிவிடாது. மூளைப் படங்களைக் காட்டி எழுதப்படும் செய்திகளுக்கும் இதே வரம்பு உண்டு: மூளையின் சில பகுதிகளில் செயல்பாடு மாறுவதை அவை காட்டலாம், கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ அவற்றால் காட்ட முடியாது.

சொல்லாமல் விடப்பட்டதைத் தேடுங்கள்

1962 சோதனையில் ஒரு மாணவர் நிலைகுலைந்து ஆலயத்தைவிட்டு வெளியேறியதும், அவரை அமைதிப்படுத்த ஊசிமருந்து செலுத்த நேர்ந்ததும் பாங்கேயின் ஆய்வேட்டில் இடம்பெறவில்லை. ரிக் டாப்ளின் என்ற ஆய்வாளர் அச்சோதனையில் பங்கேற்றவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி 1991இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அது தெரியவந்தது. அதே கட்டுரையில், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகும் சைலோசைபின் பெற்றவர்கள் தம் அனுபவத்தை மதிப்புடையதாகவே கருதினர் என்பதும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்விலும், அத்தனை ஆயத்தங்களுக்குப் பிறகும், 36 பேரில் 11 பேர் கடுமையான அச்சத்தை அனுபவித்தனர். பேரின்பத்தை மட்டும் பேசி இந்த எண்ணை விட்டுவிடும் கட்டுரையை நம்பாதீர்கள்.

பழங்குடி மரபை மேற்கோள் காட்டும் எழுத்துகளிலும் விடுபடுவது பெரும்பாலும் முக்கியமானதாகவே இருக்கும். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் மசாட்டெக் இனத்தைச் சேர்ந்த மரியா சபினா, ஊட்லா என்ற மலையூரில் நோயாளிகளைக் குணப்படுத்த வேண்டி இரவுச் சடங்குகளில் காளானைப் பயன்படுத்தியவர். 1955இல் அச்சடங்கில் கலந்துகொண்ட கார்டன் வாசன் என்ற அமெரிக்கர் 1957இல் லைஃப் இதழில் அதைப் பற்றி எழுதினார். அதன்பின் கடவுளைத் தேடியும் களிப்பைத் தேடியும் வெளிநாட்டார் அவ்வூரில் குவிந்தனர். காவல்துறையின் கெடுபிடி வந்தது. சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. தம் மக்கள் காளானை நாடியது நோய் தீர்வதற்காகவே, வெறுமனே கடவுளைக் காண்பதற்காக அல்ல என்று அவர் பின்னாளில் வருந்திச் சொன்னார். 'தொன்மையான ஆன்மிக மரபு' என்று ஒரு செய்தி தொடங்கினால், அந்த மரபினர் அதை எதற்காக, யார் மேற்பார்வையில், எத்தகைய நோன்புகளோடு பயன்படுத்தினர் என்றும், பின்னர் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்பது வாசகரின் கடமை.

மருத்துவ ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 2022இல் வெளியான, 233 பேர் பங்கேற்ற மனச்சோர்வு ஆய்வில் 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களிடம், 1 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களைவிட மூன்றாம் வாரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் 2021இல், வழக்கமான மனச்சோர்வு மருந்தான எசிட்டாலோபிராமோடு ஒப்பிட்ட 59 பேர் ஆய்வு, தனது முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம்; மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல இயலாது.

உங்களுக்கு இது பொருந்துமா?

மனச்சிதைவு நோய், இருதுருவ மனநோய் ஆகியவை தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருப்பவர்களை இவ்வாய்வுகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே, கிடைத்த பாதுகாப்பு முடிவுகள் அவர்களுக்குப் பொருந்தா. லித்தியம் உட்கொள்வோருக்கு வலிப்பு வரும் ஆபத்து உண்டு. மனச்சோர்வு மருந்துகளோடு அயவாஸ்கா சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். கொடைக்கானலில் போதைக்காளான் என்று விற்கப்படுவதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை; நச்சுக்காளான் கலந்திருந்தால் கல்லீரல் கெடும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் உள்ளன.

வீட்டில் யாரேனும் உட்கொண்டுவிட்டு அஞ்சி நடுங்கினால் திட்டாமலும் தனியே விடாமலும் அமைதியான இடத்தில் அமரவைத்துத் துணையிருங்கள். வலிப்பு, கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, நினைவிழப்பு, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் முனைப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் 108ஐ அழைத்து, எதை உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாள்கள் கடந்தும் காட்சிகளோ குழப்பமோ நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகருடன் தமிழிலேயே பேசலாம்.