முதல் லைவ் எலக்ட்ரானிக் செட்: வீட்டு மேஜையிலிருந்து மேடை வரை

நான்கு வருடமாகச் சென்னையிலும் பெங்களூரிலும் லைவ் செட் வாசிக்கிறேன், அதாவது நான் தயாரித்த எலக்ட்ரானிக் இசையை லேப்டாப் வைத்து மேடையில் நேரடியாக வாசிக்கிறேன். வார இறுதிகளில் டிஜே வேலைக்கும் போகிறேன். இசை தயாரிப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. தயாரித்ததை எடுத்துக்கொண்டு போய், சிக்கல் இல்லாமல் வாசித்து, பணம் வாங்கி, அதே இடத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வரவைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் இரண்டு மூன்று பாட்டாவது முடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முப்பது நிமிடம் தயார் செய்யுங்கள்

ஒரு மணி நேரம் வேண்டாம். முதலில் வாய்ப்புக் கொடுப்பவர்கள் அரை மணிக்கு மேல் தர மாட்டார்கள். ஐந்து பாட்டு போதும். ஒவ்வொன்றையும் கிக் (கனமான டிரம் அடி), பேஸ், மற்ற தாளம், மேலே ஓடும் மெலடி என நான்காகப் பிரித்து ஆடியோவாக மாற்றி, செஷன் வியூவில் (துண்டுகளைக் கட்டம் கட்டமாக வைத்து வாசிக்கும் திரை) அடுக்குங்கள். கனமான பிளகின்களை (லைவுக்குள் ஓடும் துணை மென்பொருள்கள்) மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) 256 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 5 மில்லிசெகண்ட்தான், கைக்குத் தாமதம் தெரியாது.

ஏதாவது ஒன்றைக் கட்டாயம் கையால் வாசியுங்கள். நான் பேஸ் வரியை வாசிக்கிறேன். பறை, தவில் பதிவுகளைச் சேர்ப்பவர்கள் ஆட்டோ வார்ப்பை (பதிவின் வேகத்தை லைவ் தானாகவே கணித்துப் பொருத்தும் வசதி) அணைத்துவிடுங்கள். மும்மூன்றாக நடக்கும் அடியை அது பல சமயம் தப்பாகக் கணக்கிடும். முதல் அடியில் மார்க்கரை வைத்து, நான்கு பாருக்கு ஒரு முறை கையாலேயே சரி செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த அடி கிக்கோடு வந்து உட்காரும்போது கிடைக்கும் சுகம் தனி.

நம் ராகங்களை மெஷினில் வாசிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. மும்பையில் இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982-லேயே ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை ஒரு ஆல்பமாகப் பதிவு செய்தார். 2010-ல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சோர்வு வரும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

படி 2: கருவிகள்

ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை மிக்சருக்கு வெளியே எடுத்துத் தரும் பெட்டி), ஒரு கன்ட்ரோலர் (மென்பொருளைக் கையால் இயக்கும் பலகை). கன்ட்ரோலரில் பேட் வரிசையைவிடக் குமிழும் ஃபேடரும்தான் முக்கியம் என்பது என் கட்சி. அகாய் மிடிமிக்ஸில் 24 குமிழ், 8 ஃபேடர், அது போக ஒரு மாஸ்டர் ஃபேடர். முதல் இரண்டு வருடத்துக்கு அது தாராளம். இன்டர்ஃபேஸ் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும் வரை ஸ்பீக்கர் அமைதியாக இருக்கும். ஆனால் லேப்டாப் பேட்டரியில் உங்கள் செட் ஓடிக்கொண்டே இருக்கும். தனி அடாப்டர் உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் அது அணைந்து, திரும்ப எழுந்து, லைவ் அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

படி 3: கேபிள் (இதை இரண்டு முறை படியுங்கள்)

என் இரண்டாவது நிகழ்ச்சி. சின்ன ஹால், நாற்பது ஐம்பது பேர். இன்டர்ஃபேஸின் யுஎஸ்பி கேபிள் பழுதாகிவிட்டது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று 3.5 மி.மீ. ஜாக்கிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் கனெக்டர்) போகும் ஒரு கேபிளை யாரோ கொடுத்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டபோது எல்லாம் சரியாக இருந்தது. கேபிளை மாற்றி மிக்சரில் குத்தி வாசிக்க ஆரம்பித்தால், ஹாலில் கிக் இல்லை, பேஸ் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலி மட்டும் கேட்டது. பத்து நிமிடம் ஈக்யூவைத் திருகிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள்.

நடந்தது இதுதான். ஹெட்ஃபோன் ஜாக்கின் நுனியில் இடது பக்கச் சத்தம், வளையத்தில் வலது பக்கச் சத்தம். மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீடு எதிர்பார்ப்பதோ ஒரே சத்தத்தின் நேர் வடிவமும் தலைகீழ் வடிவமும். அது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். வழியில் கேபிள் வாங்கிய இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல இருப்பதால் கழிந்து போய்விடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அதில் ஸ்டீரியோவைக் கொடுத்தால் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடுகிறது. கிக்கும் பேஸும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பவை, அதனால் அவை காணாமல் போகும். இரண்டு பக்கமும் வேறுபடும் ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் மிஞ்சும்.

தீர்வு: இன்டர்ஃபேஸின் இடது, வலது அவுட்புட்டிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள், இரண்டு டிஐ பாக்ஸ் (வரும் ஒலியை மிக்சருக்கு ஏற்ற பேலன்ஸ்டு ஒலியாக மாற்றும் சின்னப் பெட்டி), மிக்சரில் இரண்டு சானல். அவசரத்துக்கு ஒரு 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிளைப் பையில் வைத்திருங்கள். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சொன்னால் நல்ல கனெக்டர் போட்டு சால்டர் செய்து கொடுப்பார்கள். யுஎஸ்பி கேபிளும் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: பல ஹால்களில் ஸ்பீக்கர் மோனோவில்தான் ஓடுகிறது. மாஸ்டரில் லைவிலேயே இருக்கும் யூட்டிலிட்டி என்ற எஃபெக்டைப் போட்டு, மோனோ பட்டனை அழுத்தி, வீட்டிலேயே முழு செட்டையும் கேளுங்கள். அகலப்படுத்திய சிந்த் ஏதாவது மெலிந்து போனால் அங்கேயே திருத்திவிடுங்கள்.

படி 4: ஒரு பக்கத் தாள்

இதை ரைடர் என்பார்கள். இடுப்பு உயர மேஜை ஒன்று, மூன்று பிளக் பாயின்ட், இரண்டு டிஐ பாக்ஸ், ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், சவுண்ட் செக்குக்கு இருபது நிமிடம். அவ்வளவுதான் எழுத வேண்டும். ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, முதல் நாள் போன் செய்து உறுதி செய்யுங்கள். சவுண்ட் பார்க்கிற அண்ணனிடம் போனவுடன் பெயர் சொல்லிப் பேசுங்கள். எனக்கு வந்த அடுத்த நிகழ்ச்சிகளில் பாதி அவர்கள் சொல்லி வந்ததுதான்.

படி 5: டிஜே வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள்

லைவ் செட் மாதம் ஒன்று கிடைத்தால் அதிகம். வாடகையைக் கட்டுவது டிஜே இரவுகள்தான். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் பாட்டுகளை அலசி, இரண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள். இரண்டையும் ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்யுங்கள். பெரிய டிரைவை விண்டோஸ் தானாகவே எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யும், பழைய சிடிஜே (கிளப்புகளில் இருக்கும் டிஜே பிளேயர்) அதைப் படிக்காது. ஃப்ளாக் கோப்புகளும் பழைய மாடல்களில் ஓடாது. 320 எம்பி3 எங்கேயும் ஓடும்.

உங்களை முதலில் வாசிக்கச் சொன்னால் வேகத்தையும் சத்தத்தையும் அடக்கியே வையுங்கள். பின்னால் வருபவர் நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் தொடங்கப் போகிறார் என்றால் நீங்கள் 118-லிருந்து மெல்ல ஏறுங்கள்.

படி 6: பணம்

பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். பில்லில் பான் எண் போடுங்கள். நிறுவனங்கள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். சொந்தமாக இசையமைக்கிறீர்கள் என்றால் இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி உங்கள் இசையைப் பதிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைகிறது, என்ன செய்வது? அது எர்த் வழியாக வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளிப் பாருங்கள். லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுத்தாலும் பெரும்பாலும் அடங்கும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஷாக் அடித்தால் உயிர் போகும்.

இன்னொரு தம்பிக்கு வேறு லேப்டாப்பில் செட்டைத் திறந்தபோது பாதி சாம்பிளைக் காணவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' கொடுங்கள். அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவிலும் போட்டுக்கொள்ளுங்கள்.