தேய்ந்துபோன கொரங்காட்டை மீட்க ஒரு வழி

காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு, வைத்திருப்பவர்களுக்கு. ஆடு மாடு வருஷம் முழுக்க மேய்ந்து தரை மொட்டையாகிவிட்டதா? எடுத்த எடுப்பில் டிராக்டர் விட்டு உழ வேண்டாம். கொழுக்கட்டைப் புல்லின் தூரும், உதிர்ந்த விதையும் கொஞ்சமாவது மிச்சமிருந்தால், தானாக வர ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

காட்டை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, அதில் ஒன்றை ஐப்பசி மழைக்கு முன்பே மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்துவிடுங்கள். கிளுவைச் செடி வேலியில் ஓட்டை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், வெள்ளாட்டுக்கு ஒரு சந்து போதும்! மழைக்குப் புல் கிளம்பும், கூடவே நரிப்பயறு என்ற காட்டுப் பயறுக் கொடியும் படரும். நரிப்பயறைக் களை என்று பிடுங்காதீர்கள். அதன் வேர் முடிச்சுகள்தான் செலவில்லாமல் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கின்றன. புல் கதிர் முற்றி விதை உதிர்ந்த பிறகே மாட்டை விட வேண்டும். அதையும் ஒட்ட மேயவிடாமல், நான்கு விரல் உயரம் நிற்கும்போதே அடுத்த துண்டுக்கு மாற்றுங்கள். அந்த அடித்தாளும் வேரும் மக்கித்தான் மண் பொலபொலப்பாகிறது.

வெள்வேல் கன்று தானாக முளைத்திருந்தால் விட்டுவிடுங்கள். நெற்றை ஆடு தின்று போடும் புழுக்கையிலிருந்தே நிறைய முளைக்கும். ஆனால் சீமைக்கருவேலும் அதே வழியில்தான் வரும், அதை மட்டும் சின்னதிலேயே வேரோடு பிடுங்குங்கள். அப்புறம், ஆடு மாடு அடைக்கும் பட்டியை ஒரே இடத்தில் போடாமல், சாணமும் புழுக்கையும் விழும்படி புல்லே இல்லாத வெற்றுத் தரையாகப் பார்த்து நகர்த்திக்கொண்டே இருங்கள்.